புறவாசலில் சீமைக்கருவேலை: வெட்டுவதா, மருந்திடுவதா, தோண்டுவதா?

நெல்லை மாவட்டத்தின் நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்தில் சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து புறவாசலுக்குப் போனால், எதிரே நிற்பது பெரும்பாலும் சீமைக்கருவேலையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையில் ஆள் நுழைய முடியாதபடி அது அடைந்து கிடந்தது.

அரிவாளை எடுக்குமுன் மரத்தை அடையாளம் காண்பது அவசியம். ஊரில் பலரும் இதையும் நாட்டு உடைமரத்தையும் ‘உடை’ என்றே சொல்வதால், குடை விரித்தாற்போலத் தலை தட்டையாகப் படரும் நாட்டு உடையும் சேர்ந்து பலியாகிவிடுகிறது. மஞ்சளாகப் பழுத்துத் தொங்கும் இனிப்பான நீண்ட நெற்று சீமைக்கருவேலைக்கு உரியது; நாட்டு உடையின் நெற்று சுருண்டிருக்கும்.

தரையோடு வெட்டுவதே மலிவான வழி, விறகும் மிஞ்சும். ஆனால் அது விறகு அறுவடையே தவிர ஒழிப்பு அன்று. நாங்கள் ஆவணியில் வெட்டிய ஒரு தூரிலிருந்து, ஐப்பசி மழை விழுந்ததும் ஏழு கொம்புகள் கிளம்பி, தை பிறப்பதற்குள் இடுப்பளவு நின்றன. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, முண்டும் முடிச்சுமாகப் பருத்திருக்கும் வேர்க்கட்டையில்தான் மொட்டுகள் உறங்குகின்றன. அதைத் தொடாத வெட்டு, மரத்தைப் புதராக்குவதோடு நின்றுவிடும்.

தூரில் கல்லுப்பைக் கொட்டச் சொல்கிறவர்கள் உண்டு. 1877-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், வறட்சியையும் உவர்நிலத்தையும் தாங்கும் என்பதற்காகவே பரப்பப்பட்டது. உப்பு அதற்குப் பெரிய பொருட்டல்ல. பக்கத்திலிருக்கும் முருங்கைதான் முதலில் வாடும். களைக்கொல்லி பலன் தரக்கூடும் என்றாலும், கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மட்டுமே பயன்படுத்தலாம் என 2022 அக்டோபரில் மத்திய அரசு வரையறுத்துவிட்டது. குடிநீர்க் கிணற்றை அருகில் வைத்துக்கொண்டு வேறு மருந்தைத் தேடிப் போகவும் எனக்கு மனம் வரவில்லை.

ஜேசிபி காலிமனைக்கு ஏற்றது. வீட்டுச் சந்துக்குள் அது நுழையாது; நுழைந்தாலும் கிணற்றுச் சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆபத்து.

ஆகவே கடப்பாரையும் மம்பட்டியுமாக இறங்கினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது தூரைச் சுற்றி ஓரடி தோண்டி, பக்கவேர்களைக் கோடரியால் தறித்து, வேர்க்கட்டையை முழுதாகப் பெயர்த்தெடுத்துவிட்டால், அதற்குக் கீழே ஓடும் ஆணிவேரைத் துரத்திப் போக வேண்டியதில்லை. அது தனியாகத் துளிர்ப்பதில்லை. ரப்பர்ச் செருப்பு மட்டும் போதாது, முள் அதைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். எங்களுக்கு ஆறு தூருக்கு இரண்டு ஆள், இரண்டு நாள் ஆயிற்று. கூலி, வெட்டுவதைவிட அதிகந்தான். ஆயினும் ஆண்டுதோறும் வெட்டும் செலவைக் கூட்டிப் பார்த்தால், தோண்டுவதே லாபம் என்று பட்டது.

எந்த வழியானாலும் மண்ணில் கிடக்கும் விதை பாக்கி நிற்கும். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலும் விதை செரிக்காமல் வந்து முளைக்கிறது என்பதால், மதிலின் உடைந்த பகுதியை அடைத்தோம். ஒவ்வொரு மழைக்குப் பின்னும், விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுகிறோம். கடந்த கார்த்திகையில் மட்டும் கிணற்றடியில் பதினேழு கன்றுகள் இருந்தன.