டெர்மினலில் வண்ணம்: சாக், பிக்கோகலர்ஸ், நோட்டின் ஸ்டைல்டெக்ஸ்ட்

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரைக்கு நிறம் போவது எழுத்தாகத்தான். ஓர் எஸ்கேப் எழுத்து (திரையில் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து), சதுர அடைப்புக்குறி, 31, கடைசியில் ஓர் எம். இதைக் கண்டதும் எழுத்து சிவப்பாகும். 31 இருந்த இடத்தில் 39 வந்தால் பழைய நிறம் திரும்பும். இவ்வளவுதானே, கையாலேயே எழுதிவிடலாம் என்று நானும் இறங்கினேன். சிவப்பான பிழைச் செய்திக்கு நடுவே கோப்பின் பெயரை நீலத்தில் காட்டினேன். நீலத்தை மூட வந்த 39 சிவப்பையும் சேர்த்து மூடிவிட்டது. அதே வெளியீட்டை லாக் கோப்புக்குத் திருப்பினால், வரிக்கு வரி இந்தக் குறிகள்.

இந்த இரண்டையுமே சாக் (chalk) ஒழுங்காகக் கவனிக்கிறது. நோட் (Node.js) என்ற ஜாவாஸ்கிரிப்ட் தளத்தில் நிறம் போடுவதற்கான பேக்கேஜ், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு, அது. #ff8800 போன்ற எந்த ஹெக்ஸ் நிறத்தையும் கொடுக்கலாம். டெர்மினலுக்கு 256 அல்லது 16 நிறம்தான் தெரியும் என்றால் அதற்கு நெருக்கமானதைத் தானே தேர்ந்தெடுக்கும். இந்த வசதிக்காகவே அதை எனக்குப் பிடிக்கும். ஆனால் 5-ஆம் பதிப்பு முழுக்க இஎஸ் மாட்யூல், அதாவது இம்போர்ட் போட்டு எடுக்கும் புதிய முறை. பழைய நோட்டில் ரிக்வயர் என்ற முந்தைய முறையில் ஓடும் புராஜெக்ட் 4-லேயே நிற்க வேண்டும். அதுவோ தன்னோடு வேறு சில பேக்கேஜ்களையும் இழுத்து வரும்.

இதே வேலைக்கான இன்னொரு பேக்கேஜான பிக்கோகலர்ஸ் மிகச் சிறியது, வேறு எதையும் சாராதது, ரிக்வயருக்கும் ஒத்துவரும். சிஎஸ்எஸ் கோப்புகளை மாற்றியமைக்கும் கருவியான போஸ்ட்சிஎஸ்எஸ் இதைத்தான் பயன்படுத்துகிறது. சாக்கில் தடிப்பு, நிறம் என்று புள்ளி வைத்துத் தொடுப்பதை இங்கே ஒன்றுக்குள் ஒன்றாக எழுத வேண்டும். நிறமும் அடிப்படை 16 மட்டுமே. பிழைக்குச் சிவப்பு, வெற்றிக்குப் பச்சை என்று காட்ட அது போதும்.

பிறர் எழுதிய பேக்கேஜ் என்பதே ஒரு செலவு. 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற இன்னொரு நிறப் பேக்கேஜில் அதன் பராமரிப்பாளரே முடிவில்லாத லூப் ஒன்றை வைத்தார். 2025 செப்டம்பரில் ஒரு பராமரிப்பாளர் பிஷிங்கில் (போலி மின்னஞ்சல் மோசடியில்) சிக்க, சாக்கின் 5.6.1 பதிப்பில் கிரிப்டோ திருடும் நிரல் ஏறிவிட்டது. நிறம் காட்ட இவ்வளவு ஆபத்து வேண்டுமா?

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது நோட்டின் யூடில் மாட்யூலில் உள்ள ஸ்டைல்டெக்ஸ்ட். நோட் 20.12-இல் வந்தது, 22.13-இல் நிலைபெற்றது. நிறுவ எதுவும் இல்லை. தடித்த சிவப்பு வேண்டுமானால் இரண்டு பெயரையும் ஒரே அர்ரேயில் (பட்டியலில்) கொடுத்தால் சரி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நிறம் போடலாமா என்று அது பார்ப்பது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை, அதாவது வழக்கமான வெளியீடு போகும் வழியை. பிழைச் செய்தி போவதோ ஸ்டாண்டர்ட் எரர் வழியாக. அந்த ஸ்ட்ரீமை நாமே குறிப்பிடாவிட்டால், வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியதும் திரையில் வரும் பிழை நிறமில்லாமல் வரும். பிழையை மட்டும் கோப்புக்கு அனுப்பினாலோ, குறிகள் கோப்பில் ஏறும்.

ஏற்கெனவே சாக்கில் ஓடுவதைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பேக்கேஜ்களின் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் லாக்ஃபைலில் சாக் 5.6.1 இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.