ஏழையாக இருந்தால்தான் மெடிக்கெய்டா? மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள வாசல்கள், ஓர் ஒப்பீடு

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பையனுக்கு 22 வயது, பெருமூளை வாதம். காலையில் அவனைக் குளிப்பாட்டி, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்க ஓர் உதவியாளர் வருவார். அவருக்குச் சம்பளம் மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கொடுக்கிறது. பாட்டி ஊரிலிருந்து வரும்போதெல்லாம் பேரன் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்கில் நூறு, இருநூறு என்று போட்டு வைத்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் முதல் தேதி அந்தக் கணக்கில் 2,314 டாலர் இருந்தது. அடுத்தடுத்த மாதங்களிலும் அது குறையவில்லை. அப்புறம் ஒரு நாள், பையனுக்கு மாதாமாதம் வந்த அரசு உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. மெடிக்கெய்டும் ஊசலாடியது. “பேரனுக்குக் காசு சேர்த்தது ஒரு குத்தமாப்பா?” என்று பாட்டி மகனிடம் கேட்டாராம்.

குற்றம் சேர்த்ததில் இல்லை, சேர்த்த இடத்தில். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. மெடிக்கெய்டுக்குள் போக ஒரே ஒரு வாசல்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பல வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பணத்தை ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. ஒரு வாசலில் 2,000 டாலருக்கு மேல் வைத்திருந்தால் வெளியே அனுப்புவார்கள். இன்னொன்றில் வங்கிக் கணக்கையே கேட்க மாட்டார்கள். நமக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் முதலில் கண்ணில் பட்டதில் நுழைவதால்தான் பாதிச் சிக்கல்.

நல்ல வேலை, நல்ல இன்சூரன்ஸ் இருக்கும் குடும்பத்துக்கு மெடிக்கெய்ட் எதற்கு என்று கேட்கலாம். குளிப்பாட்ட, ஊட்ட, இரவில் திருப்பிப் படுக்க வைக்க வருடக்கணக்கில் ஆள் வேண்டும் என்றால், அந்தச் செலவை வழக்கமான தனியார் மருத்துவ இன்சூரன்ஸும் ஏற்காது, முதியவர்களுக்கும் சில மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ள அரசு இன்சூரன்ஸான மெடிக்கேரும் ஏற்காது. மெடிக்கெய்ட்தான் ஏற்கும். அதனால்தான் வசதியான குடும்பங்களும் இந்த வாசலில் வந்து நிற்கின்றன.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த வாசல், எஸ்.எஸ்.ஐ. வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மத்திய அரசு மாதாமாதம் தரும் தொகை இது. 1974-ல் தொடங்கியது. 2026-ல் தனி ஆளுக்கு அதிகபட்சம் 994 டாலர். பெரும்பாலான மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. கிடைத்தால் மெடிக்கெய்டும் தானாகவோ, எளிதாகவோ கிடைத்துவிடும். இலினாய், வர்ஜீனியா, மினசோட்டா உட்பட எட்டு மாநிலங்கள் மட்டும் தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன.

சொத்து வரம்பு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000. குடியிருக்கும் வீடும் ஒரு வண்டியும் கணக்கில் சேராது. மற்றவற்றில் பெரும்பாலானவை சேரும். இந்த 2,000 கடைசியாக மாறியது 1989-ல். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பிறக்கும் அந்தக் கணத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. இரண்டாம் தேதி செலவழித்துவிட்டேன் என்று சொல்லிப் பயனில்லை.

சம்பாதித்தால் என்ன ஆகும்? மாதம் 1,085 டாலர் சம்பளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 20 டாலரைக் கழிப்பார்கள், அடுத்து 65 டாலரை. மீதி ஆயிரம். அதில் பாதியைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள், அதாவது 500. 994-இலிருந்து 500 போனால் 494 டாலர் எஸ்.எஸ்.ஐ. கைக்கு வரும். ஆக, வேலைக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும் என்ற பேச்சு சரியில்லை. சம்பளம் கூடிக் கூடி எஸ்.எஸ்.ஐ. பூஜ்யமானாலும், 1619 பி என்ற பிரிவின்படி மாநிலம் வைத்திருக்கும் வரம்பு வரை மெடிக்கெய்ட் தொடரும். நான் பார்த்த வரையில் இந்த விதியைக் கேள்விப்படாதவர்களே அதிகம். ஆனால் 2,000 டாலர் கயிறு அப்போதும் கழுத்தில்தான் இருக்கும். சம்பாதிக்கலாம், சேர்க்கக் கூடாது. இரண்டு எஸ்.எஸ்.ஐ.காரர்கள் கல்யாணம் செய்துகொண்டால் இன்னும் மோசம். தனித்தனியாக 1,988 டாலர் வாங்கியவர்களுக்குச் சேர்த்து 1,491தான்.

18 வயது வரை பெற்றோரின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையின் வருமானமாக எண்ணுவார்கள். 18 முடிந்ததும் பிள்ளையின் பணம் மட்டுமே கணக்கு. அதுவரை கிடைக்காது என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் அடுத்த மாதமே விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு இழக்கிறார்கள்.

சரி, எஸ்.எஸ்.ஐ. வரம்பைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பணம் வருகிறவர்கள்? முன்பு வேலை பார்த்து வரி கட்டியதால் எஸ்.எஸ்.டி.ஐ. என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பணம் எஸ்.எஸ்.ஐ.க்கு அதிகம், வாழ்வதற்குக் குறைவு. இவர்களுக்கு முன்னால் இரண்டு வாசல்கள்: மருத்துவச் செலவைக் காட்டி உள்ளே போகும் ஸ்பெண்ட்-டவுன், வேலை செய்து சந்தா கட்டி உள்ளே போகும் பை-இன். இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு எஸ்.எஸ்.டி.ஐ. 1,800 டாலர் வருகிறது. அவருடைய மாநிலத்தில் ஸ்பெண்ட்-டவுனுக்கான வருமான அளவு 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 டாலரைக் கழித்தால் 1,780. அதற்கும் 600-க்கும் இடையில் 1,180. அந்த மாதம் 1,180 டாலருக்கு மருத்துவச் செலவு காட்டினால்தான் மெடிக்கெய்ட் விழித்துக்கொள்ளும். அடுத்த மாதம் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. சில மாநிலங்களில் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்கு பார்ப்பார்கள். மற்றபடி கதை அதேதான். பார்ப்பதற்கு இன்சூரன்ஸில் நாம் முதலில் கைக்காசில் கட்ட வேண்டிய டிடக்டிபிள் மாதிரி இருக்கும். ஆனால் டிடக்டிபிள் வருடத்துக்கு ஒரு முறை தீர்ந்துவிடும், இது மாதாமாதம் வந்து நிற்கும். வாடகை, மின்கட்டணம், சாப்பாடு எல்லாம் மீதி 620-இல். ஷூ பெட்டியில் மருந்து ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும் வாழ்க்கை இது.

இதற்கும் ஒரு பயன் உண்டு. திடீரென்று பெரிய ஆஸ்பத்திரி பில் வந்தவருக்கு ஸ்பெண்ட்-டவுன் கைகொடுக்கும். கட்டாத பழைய பில்களைக்கூடக் காட்டலாம். நியூயார்க் போன்ற இடங்களில் அந்த உபரித் தொகையை லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் பொது டிரஸ்டில் போட்டு, அங்கிருந்தே வாடகையைக் கட்ட வைத்து, ஸ்பெண்ட்-டவுனைத் தவிர்க்கிறார்கள். ஆனால் மாதாமாதம் உதவியாளர் வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கு இது கடைசி வாசலாக இருக்க வேண்டும். எல்லா மாநிலங்களிலும் இது இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அதே மனிதர் வாரத்தில் சில மணி நேரம் ஏதாவது வேலை செய்கிறார், மாதம் 300 டாலர் வருகிறது என்று வையுங்கள். உடனே பை-இன் வாசல் திறக்கிறது. மாற்றுத்திறனாளி வேலை செய்தால் மெடிக்கெய்டைச் சந்தா கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று 1997-இல் ஒரு சட்டமும் 1999-இல் இன்னொரு சட்டமும் மாநிலங்களுக்கு வழி விட்டன. வறுமைக்கோட்டின் 250 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கும் மாநிலத்தில், 2025 கணக்குப்படி மாதம் சுமார் 3,260 டாலர் வரை வருமானம் இருக்கலாம். நம் ஆளின் கணக்கு என்ன? எஸ்.எஸ்.டி.ஐ.யில் 20 போக 1,780. சம்பளத்தில் 65 போக மீதியில் பாதி, 117 டாலர் 50 சென்ட். மொத்தம் 1,900-ஐக்கூடத் தொடவில்லை. அங்கே மாதம் 1,180 டாலர் காட்ட வேண்டியவர், இங்கே ஒரு சிறிய சந்தாவோடு, சில மாநிலங்களில் அதுவும் இல்லாமல், உள்ளே இருக்கிறார். 300 டாலர் சம்பளத்தால் எஸ்.எஸ்.டி.ஐ.க்கும் ஆபத்தில்லை. வருமானம் சம்பளம் மட்டுமே என்றால், பாதியைக் கழிக்கும் அதே விதியால் 250 சதவீதம் என்பது மாதம் 6,600 டாலர் வரை நீளும்.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சில மாநிலங்கள் உழைக்காமல் வரும் பணத்துக்குத் தனி வரம்பு வைத்திருக்கின்றன. சிலவற்றில் பை-இன்னே கிடையாது. மாஸசூசெட்ஸில் காமன்ஹெல்த் என்ற பெயரில் இருப்பதற்கு வருமான உச்சவரம்பே இல்லை, சொத்தையும் பார்ப்பதில்லை. வருமானத்துக்கு ஏற்பச் சந்தா கூடும், அவ்வளவுதான். அலுவலகத்தில் போய் “பை-இன்” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் விழிக்கலாம். அந்த மாநிலம் அதற்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றுத்திறன் என்ற பேச்சே இல்லாமல் நுழையும் வாசல் ஒன்றும் உண்டு. 2014 முதல் பெரும்பாலான மாநிலங்களில் 65 வயதுக்குக் கீழ் உள்ள யாரும் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் வருமானம் இருந்தால் சேரலாம். 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு மாதம் சுமார் 1,800 டாலர். சொத்து கேட்க மாட்டார்கள். டெக்சஸ், ஃபுளோரிடா உள்ளிட்ட சில மாநிலங்கள் இதை ஏற்கவில்லை. எஸ்.எஸ்.டி.ஐ. வாங்க ஆரம்பித்து 24 மாதம் கழித்துத்தான் பெரும்பாலோருக்கு மெடிக்கேர் வரும். அந்த இரண்டு வருட இடைவெளிக்கு இந்த வாசல் அருமையானது. ஆனால் மெடிக்கேர் வந்த அன்றே இது மூடிக்கொள்ளும். நோய் குறையவில்லை, வருமானம் கூடவில்லை, ஆனாலும் வெளியே. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அடுத்த வாசலுக்கு விண்ணப்பிப்பது நல்லது. 2027 தொடக்கத்துக்குள் இதில் வேலை செய்யும் நிபந்தனையும் வருகிறது. உடல்நிலையால் முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

குழந்தைகளுக்கு வருவோம். அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற சிறுமி மூளை அழற்சியால் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தேறினாள். ஆனால் வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானம் கணக்கில் வந்து மெடிக்கெய்ட் போய்விடும். அதிபர் ரீகன் 1981-இல் இதைப் பொதுமேடையில் பேசினார். அடுத்த வருடமே சட்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய அளவு கவனிப்புத் தேவைப்படும் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்தால், பெற்றோர் வருமானத்தை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையின் பணத்தை மட்டும் பார்க்கலாம். அப்பா அம்மா இருவரும் ஐ.டி. சம்பளம் வாங்கும் நம்மவர் வீடுகளுக்கு இதுதான் பொருத்தமான வாசல். பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் பெற்றோரின் விசா ஒரு தடையில்லை. எல்லா மாநிலங்களும் இதை வைத்திருக்கவில்லை. இல்லாத இடங்களில், வழக்கமான விதிகளைத் தளர்த்தி வீட்டிலேயே கவனிப்புத் தரும் வெய்வர் என்ற ஏற்பாடு இருக்கும். பெரியவர்களுக்கும் அது உண்டு. பல மாநிலங்களில் அதன் வருமான வரம்பு எஸ்.எஸ்.ஐ. தொகையின் மூன்று மடங்கு, 2026-இல் 2,982 டாலர். வரம்பு தாராளம், காத்திருப்போர் பட்டியல்தான் வருடக்கணக்கில் நீளும். தேவை வந்த பிறகு பெயர் கொடுக்காதீர்கள், இன்றே கொடுங்கள்.

கடைசியாக, பாட்டியின் காசு. அதை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள சேமிப்புக் கணக்கான ஏபிள் கணக்கு. 2014-இல் வந்த சட்டம். மாற்றுத்திறன் 26 வயதுக்கு முன் வந்திருக்க வேண்டும் என்று இருந்ததை 2026 ஜனவரியிலிருந்து 46 ஆக்கிவிட்டார்கள். ஒரு லட்சம் டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கண்டுகொள்ளாது. அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.ஐ. நிற்கும், மெடிக்கெய்ட் தொடரும். இன்னொன்று, பிள்ளைக்கான பணத்தை வேறொருவர் பொறுப்பில் வைக்கும் டிரஸ்ட். இதற்கு வக்கீல் வேண்டும், பராமரிப்புச் செலவும் உண்டு. வீடு விற்ற பணம், இன்சூரன்ஸ் தொகை என்று பெரிதாக வருவதற்கு டிரஸ்ட்தான் சரி. ஆனால் ஒரு நுணுக்கம். பிள்ளையின் சொந்தப் பணத்தில் அமைத்த டிரஸ்ட் என்றால், அவருக்குப் பிறகு மீதியிலிருந்து மெடிக்கெய்ட் தன் செலவை எடுத்துக்கொள்ளும். பெற்றோரோ தாத்தா பாட்டியோ தங்கள் பணத்தில் அமைத்தது என்றால் தொட முடியாது. ஏபிள் கணக்கிலும் அந்தக் கை நீள வாய்ப்புண்டு. அதே சமயம் ஏபிளிலிருந்து வாடகை கட்டினால் எஸ்.எஸ்.ஐ. குறையாது, டிரஸ்டிலிருந்து கட்டினால் குறையும். எனவே சில்லறைக்கு ஏபிள், பெரிய தொகைக்குக் குடும்பம் அமைத்த டிரஸ்ட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் என் கட்சி.

அந்த வீட்டில் இப்போது பையனுக்கு ஏபிள் கணக்கு இருக்கிறது. போன முறை வந்தபோது பாட்டி இருநூறு டாலரை நீட்டி, “எந்தக் கணக்குன்னு நீயே பார்த்துப் போடு” என்று மகன் கையில் கொடுத்துவிட்டாராம்.