சென்னை – கோவை: விமானமா, வந்தே பாரத்தா?

ஆகாய வழியில் சென்னைக்கும் கோவைக்கும் நடுவே சுமார் 400 கி.மீ. தண்டவாளத்தில் போனால் 495 கி.மீ. வரும். விமான டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும். 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் பயண நேரத்தை வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட வேண்டும். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதற்குள் பெட்டியைப் போட, பெரம்பூர்க்காரர் மீனம்பாக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். அப்புறம் பாதுகாப்புச் சோதனை: பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை வெளியே எடு, தட்டில் வை. இறங்கியபின் பெட்டிக்காகக் காத்திருந்து, பீளமேடு விமான நிலையத்திலிருந்து வண்டி பிடிக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

ரயிலுக்கு அரை மணி முன்னால் சென்ட்ரலில் இருந்தால் போதும். சேலம், ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், ஊரிலேயே இறங்கிவிடலாம். பல்லாவரத்தில் வீடு, அவிநாசி சாலையில் வேலை என இரண்டு ஊரிலும் விமான நிலையம் பக்கத்திலேயே இருந்து, கையில் ஒரே பை என்றால் மட்டும் விமானம் சரி. மற்றவர்களுக்கு என் ஓட்டு ரயிலுக்குத்தான்.