மூன்றாவது தந்தி ஏன் நிற்கவில்லை: என் முதல் எலக்ட்ரிக் கிட்டார்

கல்லூரித் தோழி ஒருத்தி சென்ற வாரம் கேட்டாள். அவள் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டான்; எலக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்கிறான். நான் வைத்திருக்கும் அதே மாடல் இப்போது நல்ல தள்ளுபடியில் கிடைக்கிறதாம். வாங்கலாமா? என் கிட்டார் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதில்.

கிட்டாரின் விவரங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். 1954-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் ஒற்றைக் காந்தச் சுருள்), எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிலை ஸ்விட்ச், கைப்பிடியுடன் கூடிய ட்ரெமலோ பிரிட்ஜ் (தந்திகள் உடலில் வந்து அமரும், அசைத்து ஸ்ருதியை மாற்றக்கூடிய தாங்கி), 25.5 அங்குல ஸ்கேல், அதாவது அதிரும் தந்தியின் நீளம். புதிதாகக் கற்பவர்களுக்கென்று விற்கப்படும் விலையில், பல பெயர்களில் ஏறக்குறைய இதே கிட்டார்தான் கிடைக்கிறது. என்னுடையது எந்த நிறுவனத்தினுடையது என்பதை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த விலையில் எந்தப் பெயரிலும் வரக்கூடியது.

குறை இதுதான்: மூன்றாவது தந்தி ஸ்ருதியில் நிற்காது. ஜி தந்தி. ஸ்ருதியைக் காட்டும் டியூனரை மாட்டி, பச்சை விளக்கு எரியும்வரை சரியாகச் சேர்த்துவிட்டு, ஒரே ஒரு முறை தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளி வளைத்து வாசித்தால் போதும், இறங்கிவிடும். மறுபடி சேர்க்க வேண்டும். அரை மணி நேரப் பயிற்சியில் பத்து நிமிடம் இதற்கே போகும்.

எங்கள் வீட்டில் அத்தை வீணை வாசிப்பவர். நான் அறைக்குள் ஹெட்ஃபோன் இல்லாமல் வாசிக்கும்போதெல்லாம் சமையலறையிலிருந்து குரல் வரும்: "மூன்றாவது தந்தி இறங்கிவிட்டது, சேர்த்துக்கொள்." டியூனரைப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். ஒரு நாள் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பிரடை வழுக்குகிறதா?" என்று கேட்டார். பிரடை என்பது வீணையில் தந்தியைச் சுற்றி முறுக்கும் மர முளை; அங்கே அதுதானே முதல் சந்தேகம். கிட்டாரில் அந்த வேலையைச் செய்பவை உலோகப் பல்சக்கரம் வைத்த டியூனிங் கீகள். அவ்வளவு எளிதில் வழுக்காது. அத்தை கீயை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, "இது கெட்டியாகத்தான் இருக்கிறது. வேறு எங்கோ பிடிக்கிறது" என்றார். கிட்டாரைக் கையில் எடுத்தே இராதவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததை வாங்கிய கடையில் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. முதலில், புதுத் தந்தி அப்படித்தான் நீளும், போகப் போக அடங்கும் என்றார்கள். பிறகு, தந்தியை மாற்றச் சொன்னார்கள். அதற்கும் பிறகு, விலை கூடிய டியூனிங் கீகளை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். புதுத் தந்தி சில நாள் நீளும் என்பது உண்மை. மாதக்கணக்கில் ஒரே தந்தி மட்டும் நீளாது.

பிடித்துக்கொண்டிருந்த இடம் 'நட்'. கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் ஆறு வெட்டுகளோடு குறுக்கே உட்கார்ந்திருக்கும் சிறு பட்டை. நீளம் சுமார் 42 மில்லிமீட்டர். என் கிட்டாரில் அது பிளாஸ்டிக். மூன்றாவது தந்திக்கான வெட்டு தந்தியைவிடக் குறுகலாக அறுக்கப்பட்டிருந்தது. தந்தியை வளைக்கும்போது இழுவிசை கூடி, தலைப் பக்கமிருந்து ஒரு மயிரிழை அளவு தந்தி வெட்டு வழியே இந்தப் பக்கம் வரும். கையை எடுத்ததும் அது திரும்பிப் போக வேண்டும். குறுகிய வெட்டு அதைக் கவ்விக்கொண்டால் திரும்பாது. தந்தி தளர்ந்து ஸ்ருதி இறங்கும். சேர்ப்பதற்காகக் கீயைத் திருகினால் முதலில் ஒன்றுமே நடக்காது. இழுவிசை முழுவதும் நட்டுக்கு அந்தப் பக்கமே தேங்கும். இன்னும் கொஞ்சம் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். தந்தி வெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, தேவையான இடத்தைத் தாண்டி மேலே போய் நிற்கும். அந்த 'டிக்' சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்த வடிவத்தில் ஆறு கீகளும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக இருப்பதால், தந்திகள் நட்டைக் கடந்து பெரும்பாலும் நேராகவே ஓடுகின்றன. பக்கத்துக்கு மூன்றாகக் கீ வைத்த கிட்டார்களில் தந்தி நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அங்கே ஜி தந்தி சிக்குவதற்கு வடிவமே ஒரு காரணம். இங்கே அந்தச் சாக்குக்கு இடமில்லை. வெட்டைச் சரியாக அறுத்திருந்தால் சிக்கவே சிக்காது. ஒரு சிறு அரத்தை வைத்து யாராவது சில நிமிடம் தேய்த்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலும் அது நடக்கவில்லை, கடையிலும் நடக்கவில்லை.

அனுபவசாலிக்கு இது சின்னக் குறை. சத்தத்தைக் கேட்ட உடனே புரிந்துகொண்டு அரத்தை எடுத்துவிடுவார். கற்றுக்கொள்ள வந்தவர் என்ன செய்வார்? தப்பாகக் கேட்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தன் விரலைச் சந்தேகிப்பார், பிறகு தன் காதைச் சந்தேகிப்பார். கிட்டாரைச் சந்தேகிக்கும் அளவுக்கு அவருக்கு இன்னும் அனுபவம் வந்திருக்காது. எவ்வளவு பேர் இந்த இடத்தில் "எனக்குச் சங்கீதம் வராது" என்று முடிவுகட்டி, கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது.

அதோடு ட்ரெமலோ பிரிட்ஜ். உடலின் பின்பக்கக் குழிக்குள் மூன்று ஸ்பிரிங். அவற்றின் இழுப்பும் ஆறு தந்திகளின் இழுப்பும் சமமாக இருக்கும் நிலையில் பிரிட்ஜ் பின்பக்கம் சற்றே தூக்கி நிற்கும். தராசுத் தட்டில் ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் எழுவதுபோல, ஒரு தந்தியை ஏற்றினால் மற்ற ஐந்தும் கொஞ்சம் இறங்கும். ஆறாவதிலிருந்து முதலாவது வரை சேர்த்து முடித்துத் திரும்பி வந்தால் ஆறாவது விலகியிருக்கும். ஏற்கெனவே ஒரு தந்தி ஓடிப்போகும் கிட்டாரில் இது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். வகுப்பில் முதல் வருடம் முழுக்க அந்தக் கைப்பிடியை ஒரு பாடத்துக்கும் யாரும் தொடச் சொல்லவில்லை.

நட்டின் கதை இதோடு முடியவில்லை. என்னுடையதில் வெட்டுகள் ஆழமும் போதாமல் இருந்தன. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்; தந்திகள் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே தேவையில்லாத உயரத்தில் நின்றன. அங்கே அழுத்தினால் தந்தி அதிகமாக இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடும். திறந்த தந்திகள் ஆறும் டியூனரில் சரியாக இருக்கும். சி கார்டு (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்தால் மட்டும் புளிக்கும். எஃப் கார்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சுட்டுவிரலை முதல் ஃப்ரெட்டில் குறுக்கே கிடத்தி, நட்டுக்குப் பக்கத்திலேயே எல்லாத் தந்திகளையும் அழுத்த வேண்டிய கார்டு அது. கிட்டார் கற்கும் எல்லாரும் அதில் திணறுவது வழக்கம்தான். நட் உயரமாக இருந்தால் அந்தத் திணறல் இரட்டிப்பாகும். இதே எஃப் வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்தால் எனக்குச் சுத்தமாகப் பேசியது. வகுப்பில் சார் அதைக் கேட்டுவிட்டு, "கை சரியாக இருக்கிறது, கிட்டாரைப் பார்க்கச் சொல்" என்றார். பழுதுபார்க்கக் கொண்டுபோனது அதற்குப் பிறகுதான்.

அது ஒரு சிறிய பட்டறை. அங்கிருந்தவர் கிட்டாரை வாங்கி மூன்றாவது தந்தியை ஒரு முறை வளைத்தார், விட்டார், தலையை ஆட்டினார். பழைய நட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கழற்றினார். எலும்பில் செய்த புதிய பட்டையை வைத்து, ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் தனித்தனி அரத்தால் வெட்டு அறுத்தார். தலைப் பக்கம் சற்றே சரியும்படி அறுக்க வேண்டும், அப்போதுதான் தந்தி கடைசியாகத் தொடும் இடம் ஃப்ரெட் பக்க விளிம்பாக இருக்கும் என்று அறுத்துக்கொண்டே விளக்கினார். வெட்டுகளில் பென்சில் கரியைத் தேய்த்தார். பின்பக்க மூடியைத் திறந்து கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் மாட்டி, திருகுகளை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படிந்து அசையாமல் உட்காரும்படி செய்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை 2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார். கூலி, கிட்டாரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். எஃப் கார்டு அன்றைக்கே பேசியது. மூன்றாவது தந்தியை எவ்வளவு வளைத்தாலும் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. சமையலறையிலிருந்து குரல் வரவில்லை.

இனி இந்தக் கிட்டாரின் நல்ல பக்கத்தையும் மனதாரச் சொல்ல வேண்டும். கழுத்து அருமை, மெலிந்தது, ஃப்ரெட்களின் ஓரம் கையைக் கீறாது. சென்னை ஈரக்காற்றில் இத்தனை காலம் இருந்தும் கழுத்து வளையவில்லை. பிக்கப்புகளின் ஒலி இந்த விலைக்கு மிக நல்லது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில், டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து மெல்ல வாசித்தால் வரும் நாதத்துக்காகவே ராத்திரி விழித்திருக்கலாம்.

நான் சற்றும் எதிர்பாராத சந்தோஷம் தந்தியை வளைப்பதில் இருந்தது. ஒரு முழு ஸ்வரம் மேலே ஏற்ற வேண்டுமானால் தந்தியின் இழுவிசையைச் சுமார் கால் பங்கு கூட்ட வேண்டும். 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்தி செட்டில் விரல் அதைத் தாராளமாகச் செய்கிறது. சாதாரணக் கிட்டாரில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். எலக்ட்ரிக்கில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தாங்கிப் பிடிப்பதால், ஸ்வரம் வளைந்து ஏறுவதும் இறங்குவதும் கடைசிவரை காதில் விழும். கமகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டதும், பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசைக் கச்சேரி செய்வதும் எனக்கு வெறும் செய்தியாகத்தான் இருந்தன. அத்தை பாடிக்காட்டிய ஒரு மோகன வரியை, காந்தாரத்தை ரிஷபத்திலிருந்து இழுத்துப் பிடித்து நான் வாசித்தபோதுதான் அந்த வாத்தியம் அவர்கள் கைக்கு ஏன் போனது என்று விரலுக்குப் புரிந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை; அடுத்த வரியைப் பாடினார்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கிள் காயில் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலை வாங்கிக் கொடுக்கும். இன்வெர்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். என் கிட்டாரில் ஸ்விட்சை இரண்டாவது அல்லது நான்காவது நிலையில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தந்தியைத் தொட்டதும் உறுமல் நின்றால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. தந்திகள் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. தொடும்போது சுரீரென்று இழுத்தால் மட்டும் உடனே ஆம்பை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று பின் பிளக்கின் எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் அது பெயருக்குத்தான் இருக்கும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் தந்திகளைத் துணியால் துடைக்கவும். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் தந்தி சீக்கிரம் துருவேறும்.

முதலில் அக்கவுஸ்டிக்கில் கற்றுக்கொண்டுதான் எலக்ட்ரிக்குக்கு வர வேண்டும் என்று நம்மூரில் ஓயாமல் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அக்கவுஸ்டிக்கில் தந்தி தடிமன், விரல் நுனி கொப்பளிக்கும். எலக்ட்ரிக்கில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு நடுராத்திரியிலும் பழகலாம். எதை வாசிக்க ஆசையோ அதிலேயே தொடங்கட்டும்.

ஆகவே தோழிக்கு என் பதில்: இந்த மாடலை வாங்காதே. தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். கழுத்து நன்றாக இருக்கிறது, ஒலி நன்றாக இருக்கிறது, எல்லாம் சரி. ஒரு சிறு பட்டையைச் சரியாக அறுக்காமல் குழந்தைகள் கையில் கொடுக்கிறவர்களுக்கு இன்னொரு விற்பனை போய்ச் சேர வேண்டாம். அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டார் ஒன்றைப் பார். என்னுடையதை உன் மகனுக்குக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தாய். கொடுக்க மாட்டேன்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒன்றைச் செய்துவிடு. டியூனரை மாட்டி மூன்றாவது தந்தியைச் சேர்க்கச் சொல். ஏழாவது ஃப்ரெட்டில் அதை நன்றாக வளைத்துவிட்டுக் கையை எடு. திறந்த தந்தியை மீட்டி டியூனரைப் பார். இறங்கியிருந்தால், நட்டைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் பணம் என்று சொல். முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போ.