மருந்தா, மஞ்சள் ஷீட்டா, குளவியா: தென்னை வெள்ளை ஈக்கு எது?

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் ஓலைக்கு அடியில் வெள்ளைப் பொடி சுருள் சுருளாகத் தெரிய ஆரம்பித்தபோது மாவுப்பூச்சி என்றுதான் நினைத்தோம். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்ற பெயர் அப்புறம்தான் தெரிந்தது. பெலிஸ் நாட்டில் கிடைத்த பூச்சியை வைத்து 2004-ல் பெயரிட்டார்கள். 2009-ல் புளோரிடாவில் தென்பட்டது. ஏழு வருடம் கழித்து நம் தோப்பு.

எதைச் செய்வது என்று பார்க்கும் முன் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இந்த ஈ மரத்தைக் கொல்வதில்லை. சிவப்புக் கூன்வண்டு குருத்தைத் தின்றால் மரம் போச்சு, இது அப்படியல்ல. சாறை உறிஞ்சி, தேன் போன்ற கழிவைக் கீழே சொட்டுகிறது. அது விழுந்த ஓலை, ஊடுபயிர் எல்லாவற்றிலும் கரும்பூசணம் படர்கிறது. தோப்பே புகை பிடித்த சமையலறை மாதிரி ஆகிவிடும். அந்தக் கறுப்பைப் பார்க்கிற பதற்றத்தில்தான் பாதித் தப்பு நடக்கிறது.

அந்தப் பதற்றத்தில் முதலில் கை போகிற இடம் பூச்சிமருந்து. கடையில் கேட்டால் இமிடாகுளோபிரிட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். குட்டை மரமென்றால் பவர் ஸ்பிரேயர் எட்டும். ஐம்பது அடி நெட்டை மரத்தில், ஓலையின் அடிப்பக்கம் படும்படி யார் அடிப்பது? பாதி மருந்து அடிக்கிறவர் தலையில்தான் விழும். முதல் வாரம் ஈ குறைவது உண்மை. பக்கத்துத் தோட்டத்து மாமா இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார்: "பாஞ்சு நாள் ஆகலீங்க மாப்ளே, மறுக்கா வந்திருச்சு. முன்னைக்கு இப்பத்தான் ஜாஸ்தி."

ஜாஸ்தியானதற்குக் காரணம் இருக்கிறது. மருந்தில் ஈயோடு சேர்ந்து செத்தது என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளேயிருந்தே தின்று வெளியே வரும். இதை யாரும் புதிதாகக் கொண்டுவந்து விடவில்லை. கொய்யாவிலும் மரவள்ளியிலும் வரும் பழைய சுருள் வெள்ளை ஈ 1990-களில் நம் நாட்டுக்குள் வந்தபோது, அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த குளவி இது. தென்னைக்குப் புது ஈ வந்ததும் அதையும் பிடித்துக்கொண்டது.

ஆகவே என் யோசனை, மருந்து வாங்கப் போகுமுன் ஓர் அடிமட்டையிலிருந்து நாலைந்து ஓலைக்கீற்றைக் கிழித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் நல்லது. ஈ வெளியேறிய கூட்டுத்தோல் ஆங்கில 'T' எழுத்து மாதிரி கீறி இருக்கும். குளவி வெளியேறியதில் ஊசியால் குத்தியதுபோல் உருண்டை ஓட்டை. குளவி இன்னும் உள்ளே இருக்கிற கூடு கறுத்திருக்கும். உருண்டை ஓட்டையும் கறுத்த கூடும் பாதிக்கு மேல் இருந்தால் சும்மா விட்டுவிடுவதுதான் வைத்தியம். ஒன்றுமே இல்லையென்றால், குளவி உள்ள தோப்பிலிருந்து கறுத்த கூடுள்ள ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து உங்கள் ஓலையில் ஸ்டேப்ளர் பின் அடிக்கலாம். வேளாண் பல்கலையின் ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வாழையும் கல்வாழையும் ஊடே வைத்தால் குளவி தோப்பிலேயே தங்கும். செலவு என்று பார்த்தால் இதுதான் ஆகக் குறைவு. பொறுமைதான் அதிகம் வேண்டும்.

மஞ்சள் ஒட்டுப்பொறியும் நல்லதுதான். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகல ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி, ஆறடி உயரத்தில், ஏக்கருக்கு எட்டு கட்டச் சொல்கிறார்கள். ஈ அப்பிக்கொள்வதைப் பார்க்க மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் ஷீட் ஆளைப் பார்த்துப் பிடிக்காது, குளவியும் ஒட்டும். தாக்குதல் கடுமையாக இருக்கும்போது கட்டி, குளவி பெருக ஆரம்பித்ததும் கழற்றுவது என் வழக்கம். எண்ணெய் காய்ந்து தூசி படிந்த ஷீட்டை வருடக்கணக்கில் தொங்கவிடுவது திருஷ்டிப் பொம்மை வைப்பது போலத்தான்.

வெள்ளை ஈயின் முட்டையையும் குஞ்சையும் பிடித்துத் தின்னும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையை ஏக்கருக்கு 400 வீதம் விடலாம். குளவி தேறாத இடத்தில் இது கைகொடுக்கும். 2018-ல் கேரளாவில் தெரிந்த போண்டார் கூடு கட்டும் வெள்ளை ஈ இப்போது ரூகோஸோடு ஒரே ஓலையில் கலந்தே இருக்கிறது. குருவிக்கூடு மாதிரி மெழுகு வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் இந்தக் குளவிக்கு அவ்வளவு பிடி இல்லை. அங்கே கண்ணாடி இறக்கைப் பூச்சியையும், மாலை ஈரத்தில் லிட்டருக்கு 5 கிராம் போட்டு அடிக்கும், ஈயைக் கொல்கிற ஐசேரியா பூஞ்சைக் கரைசலையும்தான் நம்ப வேண்டும்.

கறுப்புக்கு? லிட்டருக்கு 25 கிராம் மைதா, பசையாகக் காய்ச்சி அடிப்பது. காய்ந்ததும் கரும்பூசணத்தையும் சேர்த்து வெயிலில் செதில் செதிலாக உரியும். ஈ சாகாது, ஓலை மட்டும் வெளுக்கும். நல்ல மழை பெய்தால் இந்த வேலையை அதுவே செய்துவிடும், ஈயும் கொஞ்சம் குறையும். அதனால் ஐப்பசியில் மைதா வாங்குவதில்லை.

புதிதாக நடுகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை, மலேசியக் குட்டை, கலப்பு ரகங்களில்தான் ஈ அதிகம் இறங்குகிறது. நெட்டை ஓரளவு தாங்குகிறது. இளநீருக்குக் குட்டைதான் வேண்டும் என்றால், தோப்பு முழுக்க அதையே நடாமல் நெட்டையோடு கலந்து நடுங்கள். மாமா இந்தத் தடவை அப்படித்தான் குழி எடுத்திருக்கிறார், வரிசைக்கு நடுவே வாழைக்கும் சேர்த்து.