"தோலே இல்லை" என்று சொல்லி விற்ற நாய்க் குச்சி: 46,850 ரூபாய் போனது, மீனு பிழைத்தது பெரும்பாடு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் நாய் மீனு மென்று தின்ன 650 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் குச்சி வாங்கினேன். இன்றைக்குச் சனிக்கிழமை. அவள் வயிற்றில் பதினான்கு தையல். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 46,200. ஆக மொத்தம் 46,850 ரூபாய். விற்றவரோ அதே பாக்கெட்டை இன்னமும் கடை வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். நேற்றுகூடப் பார்த்தேன். அதனால்தான் தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மீனு மூன்று வயது லாப்ரடார். செருப்பு, கால்மிதி, பையனின் கணக்கு நோட்டு என்று எதையும் விடமாட்டாள். மெல்ல ஏதாவது கொடுங்கள், பல்லும் சுத்தமாகும் என்று நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதான், நாய்க்கு மெல்லுவது தேவை.

நான் ஆம்பூரில் வளர்ந்தவள். அப்பா இருபது வருடம் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார். மாட்டுத் தோலைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைத்து முடியைக் கழிப்பதையும், மேல் தோலைச் செருப்புக்கும் பைக்கும் பிரித்தெடுப்பதையும் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அடியில் மிஞ்சும் அந்தத் தோலை வெளுத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டுக் காயவைத்தால் அதுதான் ராஹைட், கடைகளில் தொங்கும் வெள்ளை 'எலும்பு'. நாயின் வயிற்றில் அது லேசில் கரையாது. தெரிந்திருந்ததால்தான் கடையில் கேட்டேன்.

இரண்டு வருடமாக மீனுவின் சாப்பாட்டு மூட்டை வாங்கும் கடை அது. கடைக்காரத் தம்பி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காதைத் தடவிக் கொடுப்பார். "இது தோல் இல்லையே தம்பி?" என்று கேட்டேன். அவர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். 'ராஹைட் ஃப்ரீ, 100% நேச்சுரல்' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர். "தோலே இல்லக்கா, இது கொலாஜன், ஒரு வகைப் புரதம். சாப்பிட்டா அப்படியே கரைஞ்சிடும். என் வீட்டு நாய்க்கே இதத்தான் குடுக்குறேன். நம்பி வாங்கிட்டுப் போங்க." அந்த 'என் வீட்டு நாய்க்கே' என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிற ஜீவனைக் காட்டி ஒருவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு ராத்திரியே ஒரு குச்சி கொடுத்தேன். அரை மணி நேரம் ஆசையாக மென்றாள். முடிச்சு இருக்கும் நுனி மிஞ்சியபோது எடுக்கப் போனேன், அதற்குள் முழுங்கிவிட்டாள். சனிக்கிழமை ராத்திரி முதல் வாந்தி. ஞாயிறு காலையில் குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வயிற்று வலியில் நாய்கள் அப்படி நிற்குமாம், எனக்கு அது தெரியாமல் போனது. எக்ஸ்ரேயில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. ஸ்கேனில்தான் சிறுகுடல் அடைத்திருப்பது தெரிந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைவரை கொண்டுபோக நேரமில்லை. பக்கத்திலேயே தனியாரிடம் அன்று ராத்திரியே ஆபரேஷன்.

பதினொன்றரை மணிக்கு டாக்டர் ஒரு ஸ்டீல் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். கட்டைவிரல் நீளத்தில், சாம்பல் வெள்ளையில், வழுவழுவென்று ஒரு துண்டு. முடிச்சு அவிழவே இல்லை. "தோல்மா இது. உள்ள ஊறி உப்பியிருக்கு. குடல் கறுக்க ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு வந்திருந்தா அந்தப் பகுதியையே வெட்டி எடுத்திருக்கணும்" என்றார்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த நாலில் ஒன்றை டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். காலையில் அது கரைந்திருக்கவில்லை, சுருள் விரிந்து முழுத் தோலாகக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. முகர்ந்தபோது வந்தது அப்பாவின் சட்டையில் வரும் அதே டேனரி வாடை.

அதை டப்பாவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "உங்க நாய் மெல்லாம முழுங்கினா நான் என்னக்கா பண்றது?" இதுதான் முதல் பதில். அப்புறம், "பிரிச்ச பாக்கெட்ட ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." அந்த 650 ரூபாயையா நான் கேட்டேன்? என் 46,850-க்குப் பதில் கேட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசுங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தார். அந்த ஆள் "நாங்க சப்ளை மட்டும்தாங்க, பாக்கெட் போடுறது வேற ஆளு" என்று வைத்துவிட்டார். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பில்லும் ஸ்கேனும் ஆபரேஷன் படமும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் அவருடைய படமே தெரியவில்லை, பிளாக் செய்துவிட்டார். மீனு எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 46,850 ரூபாயைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்போதுதான் பாக்கெட்டை ஒழுங்காகப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, மாதம் வருடம் இல்லை. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் இதெல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-லேயே சட்டமுறை எடையளவு விதி வந்துவிட்டது. பில்லிலும் 'பெட் ஐட்டம் 650' என்று மட்டும் கிறுக்கியிருக்கிறார். நீங்கள் வாங்கினால் பொருளின் பெயரோடு பில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

எதைக் கொடுக்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், மீனுவுக்கு மருந்து நேரம் ஆகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதியாத எதையும் கொடுக்காதீர்கள், கடைவாய்ப் பல் உடையும். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் அந்த ரகம். பிரியாணி எலும்பு வேண்டவே வேண்டாம், வெந்த எலும்பு ஊசியாகப் பிளக்கும். புதுக் குச்சி எதையும் முதலில் ஒரு துண்டு வெட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், தோலாக விரிந்தால் தூரப் போடுங்கள். மெல்லும்போது பக்கத்திலேயே இருங்கள், விரல் நீளத்துக்கு வந்ததும் பிடுங்கிவிடுங்கள். இரண்டு தடவை வாந்தி, சாப்பாடும் வேண்டாம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

மிச்சம் மூன்று குச்சியையும், குடலிலிருந்து எடுத்த துண்டையும் டப்பாவில் போட்டுத் தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். ஆணையத்தில் காட்ட வேண்டும்.