பட்டமா, சொந்தப் படிப்பா?

பட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று பேச ஆரம்பித்தால் இரண்டே நிமிடத்தில் பில் கேட்ஸ் வந்துவிடுவார். அவர் பாதியில் விட்டது உண்மைதான். ஆனால் விட்டது ஹார்வர்டை. அங்கே இடம் கிடைக்கிற அளவுக்குப் படித்த பிறகு. அவரை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. சேர்க்க வேண்டியவர் மைக்கேல் ஃபாரடே.

14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகப் போன பையன். பைண்டிங்குக்கு வந்ததையெல்லாம் படித்தே அறிவியல் கற்றார். 1812-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருடமே டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. 1831-இல் மின்காந்தத் தூண்டலை, அதாவது மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்பதை, கண்டுபிடித்தார். ஆனால் உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. அவர் கோடுகளாகக் கண்ட காந்தப்புலத்தைச் சமன்பாடுகளாக எழுத, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற இயற்பியலாளர் மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது.

தானாகப் படிப்பதன் பலமும் ஓட்டையும் இதுதான். பிடித்ததில் ஆழமாக இறங்கிவிடலாம். பிடிக்காததைத் தொடாமலே காலம் தள்ளவும் செய்யலாம். கல்லூரியில் அந்தச் சலுகை கிடையாது. பாடத்திட்டம் பழசாக இருக்கும், தேர்வு முடிந்த மாலையே பாதி மறந்துபோகும், எல்லாம் சரி. ஆனாலும் வேண்டாத பாடத்தையும் கழுத்தைப் பிடித்துப் படிக்க வைப்பார்கள்.

எனக்கே இது நடந்தது. கணினி நிரல் எழுத நானாகக் கற்றேன். ஒரு பட்டியலில் இரட்டைப் பதிவுகள் இருக்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களோடும் ஒப்பிட்டேன். 100 பெயருக்கு நொடியில் முடிந்தது. 10,000 பெயர் வந்தபோது கிட்டத்தட்ட 10 கோடி ஒப்பீடுகள். கணினி மூச்சுத் திணறியது. "முதலில் வரிசைப்படுத்திவிட்டு, பக்கத்துப் பெயரை மட்டும் பாரேன்" என்றான் கல்லூரியில் படித்த நண்பன். அவனுக்கு அது ஆரம்பப் பாடம். எனக்கோ அப்படியொரு பாடம் இருப்பதே தெரியாது. தெரியாததைத் தேடுபொறியில் எப்படித் தேடுவது?

வேலைச் சந்தையில் கதை வேறு. பட்டம் எதையுமே கற்றுத்தராவிட்டாலும், ஆளைப் பிரித்துக்காட்டும் அடையாளமாக அதற்கு மதிப்பு இருக்க முடியும் என்று பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதினார். 2001-இல் பொருளாதார நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. செய்து முடித்த வேலையை நேரடியாகக் காட்ட முடிகிற நிரலாக்கம், வடிவமைப்பு, எழுத்து போன்ற துறைகளில் இந்த அடையாளம் அவ்வளவாகத் தேவைப்படாது. மருத்துவத்தில் பேச்சே இல்லை, பட்டம் வேண்டும். சட்டம் இடைப்பட்டது. பின்னாளில் அமெரிக்க அதிபரான லிங்கன் தானே படித்து 1836-இல் வழக்கறிஞர் உரிமம் வாங்கினார். கலிஃபோர்னியாவில் இன்றும் சட்டக் கல்லூரிக்குப் போகாமல், 4 ஆண்டுகள் ஒரு வழக்கறிஞரிடமோ நீதிபதியிடமோ பயின்று தேர்வெழுத வழி உண்டு. அங்கேயும் தனியாக உட்கார்ந்து படித்தால் மட்டும் செல்லாது, மேற்பார்வைக்கு ஒருவர் வேண்டும்.

ஆகவே, காட்ட வேலை இருக்கிற துறையில், தப்பைத் தப்பென்று சொல்ல ஓர் ஆளும் கிடைத்தால், பட்டத்தை விட்டுவிடலாம் என்பேன். ஆள் கிடைக்காவிட்டால் கல்லூரிதான். நான் அந்த நண்பனையே பிடித்துக்கொண்டேன். முதல் தடவை அனுப்பிய 40 வரி நிரல், 17 திருத்தங்களோடு திரும்பி வந்தது.